முதுகு பிடித்தவருக்கு எந்த மாதிரி கோல்ஃப் பயிற்சியாளர்?

திருநகர்க்காரன்:
வயது 52, முதுகுவலி உண்டு. மதுரையிலிருந்து கொடைக்கானல் போய்த்தான் ஆடுகிறேன். பயிற்சியாளர் எல்லாருக்கும் ஒரே ஸ்விங்தான் (மட்டையை வீசும் விதம்) சொல்லித் தருகிறார், தோளை முழுசாகத் திருப்புங்கள் என்கிறார், பந்தோ வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது. ஆளை மாற்றலாமா?

பைன்மரம்:
மாற்றிவிடுங்கள் அண்ணே. முதல் நாளே முதுகைப் பற்றிக் கேட்காதவர் எதற்கு? பேக்ஸ்விங்கைச் (அடிக்குமுன் மட்டையைப் பின்னால் தூக்குவதை) சுருக்கி, வலது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி நின்று பாருங்கள், இடுப்பு சுலபமாகத் திரும்பும்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் ஒரே ஸ்விங் எதற்கு? அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜிம் ஃப்யூரிக் ஸ்விங்கைப் பார்த்தால் பாதிப் பேர் தலையில் அடித்துக்கொள்வார்கள், அந்தக் கோணல் ஸ்விங்கோடுதான் 2003இல் யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டியை வென்றார், 2016இல் ஒரு சுற்றை 58 அடிகளிலேயே முடித்தார். சொல்லிக்கொடுத்தது அவர் அப்பா.

திருநகர்க்காரன்:
சரி, அப்புறம் அந்த வலப்பக்க ஓட்டம்?

பைன்மரம்:
பெரும்பாலும் பந்தை அடிக்கும்போது கிளப் (மட்டை) முகம் வலப்பக்கம் திறந்திருக்கும். பிடியைப் பாருங்கள், இடக்கையில் இரண்டு விரல்முட்டியாவது கண்ணில் பட வேண்டும்.