கொலம்பஸ், இண்டியானாவுக்கு வருகிறவர்களுக்கு: ஒரே கம்பெனியை நம்பி இருக்காதீர்கள்

அடுத்த மாதம் வரப்போகும் தம்பி ஒருவர் "வேலை உறுதியாகிவிட்டது அண்ணா, வீடு மட்டும் பார்த்தால் போதும்தானே?" என்று கேட்டிருந்தார். போதாது. வீடு எப்படியும் கிடைத்துவிடும். முதலில் இந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் விசாவே அதில்தான் தொங்குகிறது.

இது ஒஹாயோவில் இருக்கும் பெரிய கொலம்பஸ் இல்லை. இண்டியானாபொலிஸுக்குத் தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், மொத்தமே சுமார் 50 ஆயிரம் பேர். இங்கேதான் 1919-ல் கம்மின்ஸ் டீசல் இன்ஜின் கம்பெனி பிறந்தது. கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்பவர் உள்ளூர் வங்கிக்காரர் வீட்டில் கார் ஓட்டியவர், பணம் போட்டது அந்த வங்கிக்காரர். முதல் லாபத்தைப் பார்க்க 1937 வரை ஆனது, அத்தனை வருஷம் அந்தக் குடும்பம் கையை விடவில்லை. பிறகு கம்பெனி நன்றாக வந்ததும், நல்ல கட்டடக் கலைஞர்களை வைத்துப் பள்ளிக்கூடம் கட்டினால் அவர்கள் சம்பளத்தை நாங்கள் தருகிறோம் என்று கம்மின்ஸ் அறக்கட்டளை ஊருக்குச் சொன்னது. அப்படிப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஐ.எம். பெய் வடிவமைத்த நூலகம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. வந்த முதல் வாரமே உறுப்பினர் அட்டை வாங்கிவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊர் பெரிதும் பிழைப்பது கம்மின்ஸை வைத்துத்தான், ஆனால் லாரி இன்ஜின் வியாபாரம் ஏறி இறங்கும். சரக்குக் கட்டணம் விழுந்தால் லாரிக்காரர்கள் புது வண்டி வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள். புகை விதி கடுமையாகப் போகிறது என்றால் அதற்கு முன்பே வாங்கிக் குவித்துவிட்டு அடுத்த வருஷம் வாங்காமல் இருப்பார்கள், 2006-ல் குவித்து 2007-ல் படுத்தது அப்படித்தான். படுக்கும்போது முதலில் வெளியே போவது கான்ட்ராக்ட் ஆட்கள், நம்மில் பாதிப்பேர் அந்த வகை.

எனக்கும் அது நடந்தது. மூன்றாவது வருஷம், ஒரு வியாழக்கிழமை மதியம், பிராஜெக்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தது. எச்1பி வேலை விசாவில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான், அதற்குள் இன்னொரு கம்பெனி நமக்காக விசா மனு போட வேண்டும். அப்போது கைகொடுத்தவர், மகனைக் கால்பந்துப் பயிற்சிக்கு விடும் இடத்தில் தினமும் பேசிக்கொண்டிருந்த ஒரு அமெரிக்கர். அவர் பக்கத்திலேயே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி மேனேஜர் என்பது அதுவரை எனக்குத் தெரியவே தெரியாது. 41-ஆம் நாள் மனு போனது, அன்றைக்குத்தான் என் மனைவி நிம்மதியாகத் தூங்கினாள்.

அதனால்தான் சொல்கிறேன். டொயோட்டா 1990-லிருந்து இங்கே ஃபோர்க்லிஃப்ட் செய்கிறது, எங்கெய் (Enkei) என்ற கம்பெனி அலாய் வீல் செய்கிறது, என்டிஎன் (NTN) என்ற கம்பெனி டிரைவ் ஷாஃப்ட் செய்கிறது, கிழக்கே கிரீன்ஸ்பர்க்கில் ஹோண்டா கார் தொழிற்சாலை இருக்கிறது. வேலை இருக்கும்போதே அங்கே இருப்பவர்களோடு பழகுங்கள், நம்மவர்கள் வாட்ஸ்அப் குழுவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்புறம், மனைவி சின்னதாக ஏதாவது தொழில் தொடங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எச்1பி-காரர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்4 விசாவில், வேலை அனுமதி அட்டை இல்லாமல் ஒரு பாக்கெட் முறுக்குகூட விற்காதீர்கள். எச்1பி-யில் இருக்கும் நீங்களும் கடையில் நின்று உதவக்கூடாது. அட்டை கைக்கு வந்த பிறகு இண்டியானாவில் வழி சுலபம்: உணவு கையாளும் சான்றிதழ் வாங்கிவிட்டால் முறுக்கு, தட்டை மாதிரி கெடாத பொருளை வீட்டிலேயே செய்து நேராக வாடிக்கையாளருக்கு விற்கலாம், கோடையில் சனிக்கிழமைச் சந்தையிலும் இடம் கேட்கலாம். தயிர்சாதம், குழம்பு மாதிரி குளிரில் வைக்க வேண்டியவை இதில் வராது. பாக்கெட்டில் பெயர், முகவரி, சேர்மானம், எடை, செய்த தேதி எல்லாம் இருக்க வேண்டும், வீட்டில் செய்தது என்ற வாசகமும் வேண்டும். என் மனைவி ஒட்டும் லேபிளின் மாதிரி என்னிடம் இருக்கிறது, வேண்டுகிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.