அவசரம்: கிரைண்டருக்கு 86 வெள்ளி கேக்குறாங்க. 400க்குக் கீழ வரி இல்லதானே?

தோபாயோ_கார்த்தி (செவ்வாய் இரவு 11:42)
வணக்கம். கோயம்புத்தூர்லேர்ந்து சிங்கப்பூருக்கு ஒரு கிரைண்டர் வரவழைச்சேன். விலை 165 வெள்ளி (டாலர்)தான். இப்போ 86.15 கட்டுனாத்தான் வீட்டுக்குக் கொண்டாந்து தருவோம்னு மெசேஜ். 400 வெள்ளிக்குக் கீழ வரி கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும். இது ஏமாத்து வேலையா? வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலன்னா ஸ்டோரேஜ் வேற போடுவாங்களாம். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

ஈசூன்_அக்கா (11:50)
தம்பி, கட்டிடாதீங்க! மெசேஜ்ல லிங்க் இருக்கா? இருந்தா நூத்துக்கு நூறு மோசடி. எங்க புளோக்ல ஒரு பாட்டி இப்படித்தான் பார்சலுக்கு 3 வெள்ளின்னு அட்டை நம்பரைக் குடுத்துட்டு, பேங்க்குல இருந்ததெல்லாம் போச்சு. முதல்ல மோசடி உதவி எண் 1799க்குக் கூப்பிட்டுக் கேளுங்க.

பொங்கோல்_பாலா (11:58)
யாரு அனுப்புனது, எப்படி அனுப்புனாங்க, அனுப்பற செலவு எவ்வளவு, 86ல எது எதுக்கு எவ்வளவு? இது எதுவும் சொல்லாம நாங்க என்னன்னு சொல்றது?

கணக்குப்பிள்ளை (புதன் காலை 12:16)
இந்தக் கேள்விக்கு இங்கே பத்து முறையாவது பதில் எழுதியிருப்பேன். தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. மறுபடி எழுதுகிறேன், நிதானமாகப் படிக்கவும்.

400 வெள்ளி என்பது கடைக்காரர் போட்ட விலை அல்ல. பொருள் விலை, காப்புறுதி, அனுப்பும் கட்டணம் மூன்றையும் கூட்டி வரும் தொகை. சுங்கத்துறையில் அதற்கு சிஐஎப் மதிப்பு என்று பெயர். கிரைண்டர் கல்லால் ஆனது, கல் கனக்கும், விமானக் கட்டணம் எகிறியிருக்கும். கூட்டுத்தொகை 400ஐத் தாண்டியிருக்கும். தாண்டினால் மொத்தத்துக்கும் 9% பொருள் சேவை வரி (ஜிஎஸ்டி). தாண்டிய பகுதிக்கு மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். விஷயம் முடிந்தது.

தோபாயோ_கார்த்தி (12:21)
லிங்க் எல்லாம் இல்லக்கா. பில் பிடிஎப்ல வந்துச்சு, நான் ஃபோன் பண்ணியும் பேசிட்டேன், ஆபீஸ் இருக்கு. அனுப்புற செலவு 70 முன்னாடியே கட்டியாச்சு. ஆக மொத்தம் 235தான் ஐயா. 400 எங்க தாண்டுச்சு?

மணி_உட்லண்ட்ஸ் (காலை 7:05)
235க்கு 9% போட்டா 21.15. மீதி 65 வெள்ளி வரி இல்ல தம்பி, கூரியர்காரன் கட்டணம். வரியை உங்களுக்காக முன்கூட்டிக் கட்டினேன்னு ஒரு சார்ஜ், பேப்பர் போட்டதுக்கு ஒண்ணு, பெட்டியைத் தொட்டதுக்கு ஒண்ணு. ரெண்டு வருசமா இதான் நடக்குது. பில்லைப் பிரிச்சுக் கேளுங்க.

சுமதி_78 (7:31)
இல்லைங்க, எனக்கு வேற மாதிரி தோணுது. 2023 ஜனவரி 1லேர்ந்து 400க்குக் கீழ உள்ள சாமானுக்கும் ஜிஎஸ்டி உண்டே. வாங்கும்போதே தளத்துலயே போட்டுடுவாங்க. அதோட தகவல் கூரியருக்குப் போகலன்னா இங்க மறுபடியும் கேப்பாங்க. எனக்கு அப்படித்தான் ஆச்சு. ஃபோன் ஒண்ணு 380, அனுப்ப 45. தளத்துல 38.25 வரி எடுத்தாச்சு. இங்க வந்தப்புறம் 425 ஆச்சே, 400ஐத் தாண்டிடுச்சேன்னு அதே 38.25ஐ கூரியர் கேட்டான். சுங்க அனுமதிச் சீட்டு (பெர்மிட்) நகலை வாங்கி, வித்தவங்களுக்கு அனுப்பி, அவங்க கிட்டத்தான் பணத்தைத் திருப்பி வாங்கினேன். மூணு வாரம் அலைஞ்சேன். தம்பி, உங்க கடைக்காரர் பில்லுல வரின்னு ஏதாவது போட்டிருக்காரா?

தோபாயோ_கார்த்தி (7:44)
பில்லுல ஜிஎஸ்டி இருக்கே! அப்போ ரெண்டு தடவை கட்டிட்டேனா??

சுமதி_78 (7:46)
பாத்தீங்களா, சொன்னேன்ல.

பொங்கோல்_பாலா (8:10)
இருங்க இருங்க. அந்த ஜிஎஸ்டி எந்த நாட்டு ஜிஎஸ்டி? இந்திய ஜிஎஸ்டியைக் கட்டினதை இங்க வரியில கழிச்சுக்க முடியாது. அதோட, வெளிநாட்டுக் கடை எல்லாமே இங்க வரி வசூலிக்கணும்னு இல்ல. வருசத்துல உலக அளவு விற்பனை 10 லட்சம் வெள்ளியையும், இங்க விக்கிறது 1 லட்சம் வெள்ளியையும் தாண்டுறவங்கதான் இங்க ஜிஎஸ்டிக்குப் பதிஞ்சுக்கணும். கோயம்புத்தூர் பாத்திரக் கடையா அது?

நான் கேட்டதுல ஒண்ணுக்கு இன்னும் பதில் வரல. எப்படி வந்துச்சு? விமானமா, தபாலா, கப்பலா?

கணக்குப்பிள்ளை (8:32)
கப்பலில் ஒற்றைக் கிரைண்டர் யார் அனுப்புவார்கள்? சற்று யோசித்துக் கேள்வி கேட்கலாம்.

ஜூரோங்_மாமா (8:40)
ஆமா, எதுக்கு ஊர்லேர்ந்து கிரைண்டர்? தேக்காவுல (லிட்டில் இந்தியாவுல) அதே மாதிரி 289க்கு ஒரு கடையில வச்சிருக்கான், ஒரு வருச வாரன்டியோட. தம்பி கணக்கைக் கூட்டிப் பாருங்க: 165, 70, 86. மொத்தம் 321. சிக்கனம்னு ஆரம்பிச்சு செலவுல முடிஞ்சிருக்கு.

மணி_உட்லண்ட்ஸ் (8:52)
தேக்கா கடைக்காரனுக்கு வக்காலத்தா மாமா? அவன் அதே சாமானை நூறு வெள்ளி ஏத்தித்தானே விக்கிறான்.

ஜூரோங்_மாமா (9:03)
கடை வாடகை யாரு கட்டுறது, நீங்களா? அவன் கொள்முதல் பண்ணும்போதும் வரி, விக்கும்போதும் வரின்னு கட்டுறவன். ஆன்லைன்காரன் 399க்கு வித்துட்டு ஒத்தக்காசு கட்டாமப் போய்ட்டே இருந்தான். அதை நிறுத்தத்தானே 2023ல சட்டத்தை மாத்துனாங்க? தீபாவளிக்குத் தேக்காவுல விளக்கு எரியணும், பொங்கலுக்குக் கரும்பு வரணும், ஆனா கடையில யாரும் வாங்கக் கூடாது. நல்லா இருக்கு.

மணி_உட்லண்ட்ஸ் (9:11)
கொள்முதல்ல கட்டுன வரியைக் கழிச்சுக்கலாம், அது தெரியாம பேசாதீங்க. 1994ல ஜிஎஸ்டி வந்தப்ப 3 விழுக்காடு. இப்ப 9. சம்பளம் மூணு மடங்கு ஏறுச்சா?

ஈசூன்_அக்கா (9:20)
சண்டை போடாதீங்கப்பா, பையன் மாட்டிக்கிட்டு நிக்குறான்.

ஜூரோங்_மாமா (9:22)
சண்டை இல்ல தங்கச்சி, நியாயம் பேசறோம்.

தோபாயோ_கார்த்தி (மதியம் 1:15)
வேலையில இருந்தேன், மன்னிக்கணும். மச்சான் கடையில வாங்கி ஒரு கார்கோ ஆபீஸ்ல குடுத்தான். விமானத்துல ரொம்பக் கேட்டாங்க. கிரைண்டர் 15 கிலோதான், ஆனா பெட்டி 50க்கு 40க்கு 45 செ.மீ.ன்னு அளவை வச்சு 18 கிலோ கணக்குப் போட்டாங்க. அதனால கப்பல். நம்ம ஊர்க்காரங்க சாமான் பலதையும் ஒண்ணா சேத்து அனுப்புவாங்களாம். பில் பிரிச்சுக் கேட்டேன்: ஜிஎஸ்டி 21.15, பெர்மிட் 35, ஹேண்ட்லிங் 30.

பொங்கோல்_பாலா (1:24)
கப்பல்! இதை முதல் வரியிலயே சொல்லியிருந்தா நேத்து ராத்திரியே முடிஞ்சிருக்கும்.

400 வெள்ளி சலுகை விமானத்துலயும் தபால்லயும் வர்ற சாமானுக்கு மட்டும்தான். கப்பல்லயோ, மலேசியாவுல ஜொகூர்லேர்ந்து லாரியிலயோ வந்தா விலை என்னவா இருந்தாலும் 9% உண்டு. 10 வெள்ளிச் சாமானா இருந்தாலும் அப்படித்தான். சுமதி அக்கா சொன்ன 2023 ஏற்பாடும் விமானம், தபால் சாமானுக்குத்தான், உங்களுக்கு ஒட்டாது. மச்சான் அங்க கட்டுன ஜிஎஸ்டி உள்ளூர் கடையில வாங்குனதுக்கு. அது போனது போனதுதான்.

கிரைண்டருக்குத் தனியா இறக்குமதித் தீர்வை ஒண்ணும் கிடையாது. இங்க தீர்வை மது, புகையிலை, வாகனம், எண்ணெய் இந்த வகைகளுக்குத்தான். ஆக அரசாங்கத்துக்குப் போறது 21.15. சண்டை போடணும்னா மீதி 65க்குப் போடுங்க. பெர்மிட் எடுத்ததா சொன்னா அதோட நகலைக் கேளுங்க. சிஐஎப் எவ்வளவு, வரி எவ்வளவுன்னு அதுல இருக்கும். ஹேண்ட்லிங் 30ஐப் பத்தி சாமானை ஒப்படைக்கும்போது மச்சான்கிட்ட சொன்னாங்களா? எழுத்துல குடுக்கலன்னா குறைக்கச் சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை (1:40)
நான் ஆரம்பத்திலேயே சொன்னதுபோல, சிஐஎப் மீதுதான் வரி. கப்பல் என்றால் வரம்பு இல்லை என்பது அடிப்படை.

சுமதி_78 (1:43)
காலையில "கப்பல்ல யாரு அனுப்புவாங்க"ன்னீங்களே சார் 😄

மணி_உட்லண்ட்ஸ் (1:55)
பழைய சாமான்னு எழுதச் சொல்லியிருக்கலாம். இல்ல அன்பளிப்புன்னு போட்டு 20 வெள்ளின்னு மதிப்பு காட்டியிருக்கலாம். எங்க ஊர்ல எல்லாரும் பண்றதுதான்.

பொங்கோல்_பாலா (2:02)
அண்ணே, அந்த யோசனையை இங்க யாரும் எடுத்துக்க வேணாம். அன்பளிப்புன்னு எழுதினாலும் வரி உண்டு. மதிப்பைப் பொய்யாக் காட்டினா ஏய்ச்ச வரி மாதிரி 20 மடங்கு வரைக்கும் அபராதம், சிறையும் இருக்கு. 21 வெள்ளிக்கா இது?

ஈசூன்_அக்கா (2:30)
ஊருக்குப் போய்ட்டு வர்றவங்ககிட்ட குடுத்துவிட்டிருக்கலாம். 48 மணி நேரத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டு வந்தா 500 வெள்ளி வரைக்கும் சலுகை உண்டே.

ஜூரோங்_மாமா (2:34)
15 கிலோ கல்லை யாரும்மா பெட்டியில தூக்கிட்டு வருவா. முறுக்கு ஒரு கிலோவுக்கே முகம் சுளிக்கிறாங்க.

பொங்கோல்_பாலா (வியாழன் இரவு 9:17)
கார்த்தி, என்ன ஆச்சு?

ஈசூன்_அக்கா (வெள்ளி காலை 10:05)
தம்பி, இன்னைக்குத்தான் கடைசி நாள். கட்டிட்டீங்களா?

தோபாயோ_கார்த்தி (ஞாயிறு மாலை 6:48)
எல்லாருக்கும் நன்றி. பெர்மிட் நகல் கேட்டேன், குடுத்தாங்க, 235ன்னுதான் போட்டிருக்கு. ஹேண்ட்லிங் முன்னாடி சொல்லலையேன்னு கேட்டதும் 30ஐ 15 ஆக்கினாங்க. 71.15 கட்டினேன். சாமான் வந்துருச்சு, கல்லு நல்லா இருக்கு, மூடிதான் விரிசல்.

பிளக் உருண்டை முனை, நம்ம வீட்டு சுவத்துல சதுரம். வோல்டேஜ் ரெண்டு ஊர்லயும் 230தானே, அடாப்டர் போட்டா மோட்டார் தாங்குமா, இல்ல பிளக்கையே மாத்தணுமா?

ஜூரோங்_மாமா (6:55)
தேக்காவுல வாங்கியிருந்தா சதுர பிளக்கு.

கணக்குப்பிள்ளை (7:20)
இது மின்சாதனப் பகுதிக்கு உரிய கேள்வி. அங்கே தேடிப் பார்க்கவும்.