மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ரோட்டரி எஞ்சின்: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை

கேள்வி (ராஜாக்கமங்கலத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் வேலை பார்த்த என் சித்தப்பா ஊருக்குத் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த 2005ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-8, அவர் காலமான பிறகு என் பொறுப்பில் இருக்கிறது. மாதம் இருமுறை ஆரல்வாய்மொழி வரை ஓட்டிவந்து நிறுத்துவது வழக்கம். இவ்வாண்டு இடவப்பாதி மழை தொடங்கிய பிறகு ஐந்து வாரம் வண்டியைத் தொடவில்லை. சென்ற ஞாயிறன்று தேங்காய் பறிக்க ஆள் வந்ததால், தென்னையின் கீழிருந்து வண்டியை எடுத்துப் பத்தடி தள்ளி நிறுத்தி, ஒரு நிமிடத்துக்குள் அணைத்துவிட்டேன். அன்று மாலையிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை.

பேட்டரி இறங்கும்வரை முயன்றேன். பிறகு வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தும் முயன்றேன். செல்ஃப் முன்பைவிட வேகமாகவே சுற்றுகிறது. சைலன்சரில் பெட்ரோல் வாடை கடுமையாக இருக்கிறது. பார்க்க வந்த மெக்கானிக், பெட்ரோல் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். அந்தப் பம்ப் இங்கே கிடைக்காது. வரவழைக்கும் முன் உறுதிசெய்துகொள்ள விரும்புகிறேன். சித்தப்பாவின் நினைவாக இருக்கும் வண்டி என்பதால் தவறாக எதுவும் செய்துவிடக்கூடாது என்ற அச்சம் இருக்கிறது.

பதில் 1 (தக்கலை, ஒர்க்‌ஷாப்)

தம்பி, பம்புக்குப் பணம் கட்ட வேண்டாம். சைலன்சரில் பெட்ரோல் மணக்கிறதென்றால் பெட்ரோல் எஞ்சினுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அளவுக்கு மேல் போயிருக்கிறது. குளிர்ந்த எஞ்சினை எடுத்தவுடன் வண்டியின் கணினி பெட்ரோலை மிகுதியாகவே கொடுக்கும். சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் அது எரியாமல் அறைக்குள் தங்கிவிடும். சாதாரண பிஸ்டன் எஞ்சின் இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், ரோட்டரி தாங்காது.

காரணத்தைச் சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். உங்கள் எஞ்சினில் பிஸ்டன் கிடையாது, 654 சி.சி. வீதம் இரண்டு ரோட்டர்கள். ஒவ்வொன்றும் மூன்று முனையுள்ள முக்கோணம். ஒவ்வொரு முனையிலும் ஒரு அபெக்ஸ் சீல், சுவரை உரசிக்கொண்டே சுற்றும். அந்தச் சீலுக்கும் சுவருக்கும் இடையே இருக்கும் மெல்லிய ஆயில் படலம்தான் கம்ப்ரஷனை, அதாவது அறைக்குள் உண்டாகும் அழுத்தத்தை, காக்கிறது. அதற்காகவே இந்த எஞ்சினில் சிறிதளவு ஆயிலை அறைக்குள் செலுத்தும் தனிப் பம்ப் உண்டு. அதிகப்படியான பெட்ரோல் அந்தப் படலத்தைக் கழுவிவிடுகிறது. கம்ப்ரஷன் போய்விடுவதால்தான் எதிர்ப்பே இல்லாமல் செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது. நீங்கள் மேலும் மேலும் செல்ஃப் அடித்தது பெட்ரோலை மேலும் மேலும் ஊற்றியதற்குச் சமம்.

முதலில் எளிய வழி. பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தரை வரை மிதித்துப் பிடித்தபடி பத்து நொடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடியுங்கள். அப்படி மிதித்திருக்கும்போது கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். நான்கைந்து முறைக்குப் பிறகும் பலன் இல்லையென்றால் பிளக்குகளைக் கழற்றத்தான் வேண்டும். வண்டியை ஜாக்கில் மட்டும் நம்பி விடாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினால் கை எட்டும். ரோட்டருக்கு இரண்டு வீதம் நான்கு பிளக். கீழே இருப்பவை லீடிங், மேலே இருப்பவை டிரெய்லிங். இரண்டும் வேறு வேறு வகை, எனவே இடம் மாற்றிப் போடக்கூடாது. கழற்றும்போதே, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களின் ஒயர்களிலும் அடையாளம் ஒட்டிவிடுங்கள்.

பெட்ரோல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, காயில்களின் இணைப்பையும் பிரித்த பிறகே செல்ஃப் அடித்து உள்ளே தங்கியிருப்பதை வெளியேற்றுங்கள். துளைகளிலிருந்து பெட்ரோல் புகையாகப் பீறிடும். அருகில் ஒரு தீப்பொறி இருந்தாலும் வண்டியே போய்விடும். அதன்பின் கீழ்த்துளை வழியாக ஒவ்வொரு ரோட்டருக்கும் ஒரு சிறு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ரோட்டர்களோடு இணைந்து சுற்றும் எஞ்சின் தண்டைக் கையால் முழுச்சுற்று ஒன்று திருப்பி, மீண்டும் விட்டு, இப்படி மூன்று முறை செய்யுங்கள். தண்டு மூன்று முறை சுற்றினால்தான் ரோட்டர் ஒருமுறை சுற்றும். ஆகவே ரோட்டரின் மூன்று முகங்களுக்கும் ஆயில் போய்ச்சேர இதுவே வழி.

பதில் 2 (குளச்சல்)

நான் வள்ளங்களின் அவுட்போர்டு எஞ்சின் வேலை செய்கிறவன்; இந்தக் காரைத் தொட்டதில்லை. ஆனால் தக்கலை அண்ணாச்சி சொன்ன ஆயில் படலத்தின் அருமையை எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எரிபொருளோடு ஆயில் கலந்து ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில், கலவையில் ஆயில் குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கரைக்கு வந்து சேராத வள்ளங்கள் எங்களுக்குக் கற்றுத்தந்திருக்கின்றன.

இரண்டு செய்திகள் மட்டும். ஸ்டார்ட் செய்வதற்கென்று விற்கும் ஸ்பிரேயை யாராவது அடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மிஞ்சியிருக்கும் ஆயிலையும் அது கழுவிவிடும். அடுத்தது, நீங்கள் கடலோரம் இருக்கிறீர்கள். உப்புக்காற்றில் எர்த் ஒயரின் முனை பச்சை பூத்திருக்க வாய்ப்பு மிகுதி. பேட்டரி நன்றாக இருந்தாலும் செல்ஃபுக்கும் காயிலுக்கும் போகவேண்டிய மின்சாரம் அங்கேயே தேங்கிவிடும். இரு முனைகளையும் கழற்றிப் பளபளப்பு வரும்வரை உப்புத்தாள் போட்டுவிட்டு வாசலின் தடவுங்கள். ஐந்து வாரம் கிடந்த பெட்ரோலையும் நம்ப வேண்டாம்; இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்தது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். புதிதாகப் பத்து லிட்டர் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா இருவருக்கும் நன்றி. மிதித்துப் பிடித்து ஐந்து முறை முயன்றேன், பலனில்லை. இன்று காலை பிளக்குகளைக் கழற்றினோம். நான்கும் கறுத்து நனைந்திருந்தன. எர்த் ஒயர் முனை குளச்சல் ஐயா சொன்னபடியே பச்சையாக இருந்தது. ஆயில் விட்டுப் புதிய பிளக் போட்டு, ஃப்யூஸைத் திரும்ப வைத்து, இரண்டாம் முயற்சியில் முதலில் தடுமாறி, பிறகு பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம் முற்றம் முழுவதும் வெண்புகை. என் தாயார் அழுதுவிட்டார்கள். எஞ்சினுக்கு உள்ளே சேதம் ஏதும் இருக்குமா என்பதை எப்படி அறிவது?

பதில் 1

மகிழ்ச்சி தம்பி. அந்தப் புகை நாம் விட்ட ஆயில் எரிந்தது, கவலை வேண்டாம். ஆனால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள்ளும் போயிருக்கும், அங்கே புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட் அளவுகடந்து சூடாகும். இன்று காய்ந்த ஓலையின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

எஞ்சினின் நிலையை அறிய கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். ஒரு ரோட்டருக்கு மூன்று அளவு வரும் என்பதால், இதற்கென்று இருக்கும் மின்னணுக் கருவிதான் சரியான எண்ணைக் கொடுக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 250 சுற்று சுற்றும்போது சதுர சென்டிமீட்டருக்கு 6.9 கிலோ என்பது குறைந்தபட்ச எல்லை. ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 1.5 கிலோவுக்கு மேலும், இரு ரோட்டர்களுக்கிடையே 1 கிலோவுக்கு மேலும் வேறுபாடு இருக்கக்கூடாது. அந்தக் கருவி கிடைக்கும்வரை, சாதாரண கம்ப்ரஷன் கேஜின் வால்வைக் கழற்றிவிட்டுப் பிளக் துளையில் மாட்டிச் செல்ஃப் அடியுங்கள். முள் ஒரே சீராக மூன்று மூன்றாகத் துள்ளினால் நிம்மதி கொள்ளலாம். மூன்றில் ஒன்று மட்டும் தாழ்ந்தால் அந்த முகத்தின் பக்கவாட்டுச் சீல் போயிருக்கலாம், அடுத்தடுத்த இரண்டு தாழ்ந்தால் அவற்றுக்கு நடுவே இருக்கும் அபெக்ஸ் சீலையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

காயில்கள் பழையவையென்றால் நான்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்; பலவீனமான தீப்பொறியும் பெட்ரோலை எரிக்காமல் விட்டுவிடும். இனி தேங்காய் பறிக்க ஆள் வந்தால் நியூட்ரலில் போட்டு, இரண்டு பேர் சேர்ந்து கையால் தள்ளுங்கள். எஞ்சினை எடுத்தே ஆகவேண்டுமென்றால், வெப்பமானியின் முள் வழக்கமான இடத்துக்கு வரும்வரை அணைக்காதீர்கள்.