வைரஸ்ங்கிற வார்த்தையும் விஷமும் சொந்தமா?

நெய்தல்_சுதா:
எட்டாங்கிளாஸ் படிக்கிற பொண்ணுக்கு அறிவியல் சொல்லிக் குடுத்துட்டிருந்தேன், வைரஸ்னா லத்தீன்ல விஷம்னு சொன்னதும் "அம்மா, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே"ன்னுட்டா. எங்கம்மாவும் விஷக்காய்ச்சல்னுதான் சொல்வாங்க. நெஜமாவே சொந்தமா, இல்ல சத்தம் மட்டும் ஒத்துப்போகுதா? ஒரு கிருமிக்கு ஏன் விஷம்னு பேர் வச்சாங்க?

சொல்வேட்டை:
பாப்பா பிடிச்சது சரிதாங்க. சமஸ்கிருத விஷமும் லத்தீன் வீருஸும் (அவங்க உச்சரிப்பு அப்படித்தான்) ஒரே வேர்ல இருந்து வந்த வார்த்தைங்க. லத்தீன்ல ரெண்டு உயிரெழுத்துக்கு நடுவுல மாட்டுற ஸகரம் ரகரமா மாறிடுச்சு, பூவுக்கு ஃப்ளோஸ், ஆனா 'பூவோட'ன்னு சொல்ல ஃப்ளோரிஸ், பாருங்க கடைசியில இருந்தப்ப மாறல, நடுவுல வந்ததும் ர ஆயிடுச்சு. அதே கதைதான் இங்கயும். ஆனா நாம விஷத்த சமஸ்கிருதத்துல இருந்து வாங்கிக்கிட்டோம், நம்மளோட சொல் நஞ்சு, அதுக்கும் வைரஸுக்கும் உறவு கிடையாது.

லத்தீன்ல அதுக்கு விஷம் மட்டும் இல்ல, கொழகொழன்னு இருக்கிற திரவம், பாம்பு விஷம், நாத்தம்னு எல்லாம் அர்த்தம் உண்டு. முதலாம் நூற்றாண்டுல செல்சஸ்னு ரோமானியர் ஒருத்தர் மருத்துவம் பத்தி எழுதுறப்ப, வெறிநாய் கடிச்சா அந்த 'வீருஸ' குப்பி வச்சு உறிஞ்சி எடுக்கணும்னு சொல்றார். ரேபிஸ் உண்மையிலயே நாயோட எச்சில்ல இருக்கிற வைரஸ்தான்! அவருக்கு கிருமின்னே ஒண்ணு தெரியாது. இத மொத தடவ படிச்சப்ப எனக்கு சிலிர்த்துப்போச்சு.

தோட்டத்துப்_பச்சை:
சுதாக்கா, உங்க ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். அம்மைத் தடுப்பூசி போட்டுக் காட்டின இங்கிலாந்து டாக்டர் ஜென்னர் 1798ல பசு அம்மை பத்தி எழுதுனப்பவும் வைரஸ்னுதான் எழுதினார், அப்பல்லாம் நோயப் பரப்புற எதுவா இருந்தாலும் அந்தப் பேர்தான். புகையிலைதான் அத மாத்துச்சு. தேமல் நோய் வந்த இலைய வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டா, கையில தடவுனா அங்கங்க உப்பிட்டு இருக்கும். அந்த இலைச் சாற பீங்கான் கேண்டில்ல வடிகட்டுனாங்க, பாக்டீரியா எல்லாம் நின்னுடும், ஆனா வடிஞ்ச தெளிஞ்ச சாறு நல்ல செடிக்கும் நோயக் குடுத்துச்சு. 1892ல ரஷ்யாவுல இவனோவ்ஸ்கி பார்த்தார், 1898ல நெதர்லாந்துல பெய்ஜெரிங்க் இது 'உயிருள்ள தொற்றுத் திரவம்'னு சொல்லி வைரஸ்ங்கிற பேரையும் எடுத்துக்கிட்டார். திரவம்னு நெனச்சதால அந்தப் பழைய பேர் எவ்வளவு பொருத்தமா உட்கார்ந்திருக்கு பாருங்க. அப்புறம் ரொம்ப நாள் 'வடிகட்டியில நிக்காத வைரஸ்'னு சொல்லிட்டிருந்து முன்பாதி உதிர்ந்துபோச்சு. திரவம் இல்ல துகள்னு தெளிவானது 1935ல அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி அத படிகமா எடுத்தப்புறம்தான்.

சொல்வேட்டை:
அதனாலதான் வைரஸுக்குத் தமிழ்ல சொல்ற பேர்ல எனக்கு தீநுண்மியவிட நச்சுயிரி பிடிக்கும், அந்தப் பழைய விஷம் அதுக்குள்ள இருக்கு.

நெய்தல்_சுதா:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எங்க வீட்டு தண்ணி பில்டர்லயும் கேண்டில்தான் இருக்கு, அப்ப அதுவும் வைரஸ விட்டுடுமா?

தோட்டத்துப்_பச்சை:
சாதாரண கேண்டில நம்பாதீங்கக்கா. பாப்பாவுக்கு தண்ணிய நல்லா கொதிக்க வச்சு ஆறவச்சே குடுங்க.