சிஸ்டத்துக்குள் ஆள் புகுந்ததை முதலில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? குமரிக்காரர்கள் அனுபவம்

மார்த்தாண்டம்_மெயில்:
முந்திரி ஏற்றுமதி ஆபீஸ். கணக்கு பார்க்கிற அக்கா, "மக்ளே, பார்ட்டி மெயில் அனுப்பியாச்சுன்னு போன்ல சொல்லுதாரு, எனக்கு ஒண்ணும் வரல்லியே" என்றார். ஸ்பேமில் இல்லை. வருகிற மெயிலைத் தானாகவே பிரித்துப் போடுவதற்கான ரூல்ஸ் பக்கத்தைத் திறந்தால் அக்கா போடாத ரூல் ஒன்று. அதற்குப் பெயர் வெறும் ஒரு புள்ளி. 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்' என்ற சொல் இருக்கிற மெயிலையெல்லாம் படித்ததாகக் குறித்து இணையதளப் பதிவுகள் சேருகிற ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் ஃபோல்டருக்குத் தள்ளுகிறது. அந்த ஃபோல்டரை யார் திறப்பார்? பார்ட்டியின் பதில்கள் மொத்தமும் அங்கே கிடந்தன. "பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று உள்ளே புகுந்தவன் எங்கள் பெயரில் பார்ட்டிக்கு எழுதும் முன்னே பாஸ்வேர்டை மாற்றி, எல்லா லாகினையும் துண்டித்தோம். ஆன்டிவைரஸ் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அக்கா கேட்காமல் விட்டிருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

நாகர்கோவில்_நைட்ஷிப்ட்:
எனக்கு 4625. லாக், அதாவது நடந்ததையெல்லாம் விண்டோஸ் எழுதி வைக்கிற பதிவில், லாகின் தோற்றால் விழுகிற எண். ஆஸ்பத்திரி சர்வர், நடுராத்திரி, அட்மின் பெயரில் தப்புப் பாஸ்வேர்டு வரிசையாக விழுகிறது. திடீரென்று நின்றது. அடுத்த வரி 4624, டைப் 10: லாகின் வெற்றி. உள்ளே வந்துவிட்டான், அதுவும் தூரத்திலிருந்தே மெஷினை இயக்குகிற ரிமோட் டெஸ்க்டாப்பில். நெட்வொர்க் கேபிளை உருவினேன், மெஷினை அணைக்கவில்லை. அணைத்தால் மெமரியில் உள்ள தடயம் போய்விடும். பில்லிங் கவுன்டரில் ஆட்கள் சத்தம் போட்டார்கள். பேக்கப் தப்பியது.

தக்கலை_லாக்:
மார்த்தாண்டம் அண்ணாச்சி, அக்கா கேட்டதால் தப்பித்தோம் என்பதை நான் ஏற்கமாட்டேன். புது ரூல் உருவானாலே அலர்ட் வரும்படி வைக்கலாம். பக்கத்துக் கூடங்குளத்தையே எடுங்கள். 2019 செப்டம்பர் 4-ல் மால்வேரைக் கவனித்துச் சொன்னது செர்ட்-இன், மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பு. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கம்ப்யூட்டர் அது. அணு உலைக் கட்டுப்பாட்டு சிஸ்டம் தனி. அவ்வளவு பெரிய இடத்துக்கே வெளியிலிருந்து தகவல் வந்ததென்றால் நம் ஆபீஸ் எம்மாத்திரம்?

எல்லாரும் செய்யவேண்டியது: லாக்கை அதே மெஷினில் மட்டும் வைக்காதீர்கள். உள்ளே வருகிறவன் அதை அழிக்கப் பார்ப்பான். லாக் அழிக்கப்பட்டதைக் காட்டும் 1102 தெரிந்தால் உடனே எழுந்திருங்கள். செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி லாக் 180 நாள் இருக்கவேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்லவேண்டும். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே போன் அடியுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பை நேரே இணையத்தில் திறந்து வைக்கவே கூடாது. ஓடிபி இல்லாத அட்மின் கணக்கும் வேண்டாம்.

மார்த்தாண்டம்_மெயில்:
தம்பி, அலர்ட் இப்போது வைத்தாயிற்று. அது என் மெயிலுக்குத்தான் வரும். நான் பஸ்ஸில் இருக்கும்போது சீட்டில் இருப்பது அக்காதான். அதனால் ரூல்ஸ் பக்கம் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் காட்டிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை தோறும் அவரே திறந்து பார்க்கிறார்.