25 நாள் தாமதத்துக்காக அப்பீலையே தள்ளுவது நியாயமா?

வரப்போரம்:
அப்பாவின் பாதை வழக்கு முன்சீஃப் கோர்ட்டில் தோற்றுவிட்டது. சப் கோர்ட்டில் அப்பீல் போட்டோம். கெடு தாண்டியதால் கூடவே போட்ட தாமத மன்னிப்பு மனுவிலேயே ‘போதிய காரணம் இல்லை’ என்று தள்ளுபடி. தாமதம் வெறும் 25 நாள். 40 வருஷமாக மாடு ஓட்டிப்போன பாதையைப் பற்றி யாரும் ஒரு வரி படிக்கவில்லை. காலண்டரைப் பார்த்தா நியாயம் சொல்வது?

ஜெயித்தும் அலைந்தவன்:
நான் மறுபக்கம் நின்றவன். எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்து ஒன்றரை வருஷம் கழித்து எதிர்தரப்பு அப்பீலோடு வந்தது. தாமதத்தை மன்னித்தார்கள், ஸ்டேயும் கொடுத்தார்கள். அதற்குள் நான் கடன் வாங்கி வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தேன். தூண் கம்பிகள் துருவேறியதைத் தினமும் பார்த்துக்கொண்டு போனேன். தீர்ப்பிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் போட வேண்டும் என்ற கெடு தோற்றவருக்கு மட்டுமா? ஜெயித்தவன் நம்பிப் படுப்பதும் அதை வைத்துத்தான்.

வரப்போரம்:
உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் தாமத மனுக்களைத் தாராளமாகப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு கேட்டு மல்லுக்கட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1987லேயே சொல்லிவிட்டது. 1998ல் 883 நாளையே மன்னித்திருக்கிறார்கள்.

ஜெயித்தும் அலைந்தவன்:
எத்தனை நாள் என்பது பெரிதல்ல, சொல்லும் காரணம் ஏற்கும்படி இருக்கிறதா என்பதே அளவுகோல் என்று அதே 1998 தீர்ப்பு சொல்கிறதே! 2012ல் அஞ்சல் துறை 427 நாள் கழித்து வந்து, கோப்பு நகர நேரமாகிவிட்டது என்றது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சரி, உங்கள் பிரமாணப் பத்திரத்தில் என்ன காரணம் எழுதினீர்கள்?

வரப்போரம்:
‘உடல்நலக் குறைவால் உரிய காலத்தில் தாக்கல் செய்ய இயலவில்லை.’ அவ்வளவுதான்.

நகல்பிரிவு:
வக்கீல் ஆபீஸில் 22 வருஷம் குமாஸ்தாவாக இருக்கிறேன். அப்பீலோடு வைக்க கோர்ட்டில் வாங்கும் தீர்ப்பின் சான்றிட்ட நகலில் ஒரு தேதிப் பட்டியல் இருக்கும்: மனு போட்டது, கட்டணம் கேட்டது, கட்டியது, நகல் தயாரானது. அதை இங்கே போடுங்கள்.

வரப்போரம்:
தீர்ப்பு ஜூன் 3. நகல் மனு ஜூன் 20, கட்டணம் கேட்டது ஜூன் 24, கட்டியது ஜூலை 15, தயாரானது ஜூலை 25. அப்பீல் போட்டது ஆகஸ்ட் 13.

நகல்பிரிவு:
நகல் வாங்கத் தேவைப்பட்ட நாட்களைக் காலவரையறைச் சட்டம் 12ஆம் பிரிவு கழித்துவிடும். ஆனால் கேட்ட கட்டணத்தை நாம் கட்டாமல் விட்ட நாட்கள் அந்தக் கழிவில் வராது. ஜூன் 20–24க்கு 5ம், ஜூலை 15–25க்கு 11மாக 16 நாள் கழியும். கெடு ஜூலை 3லிருந்து 19க்குப் போகிறது. மிச்சம்தான் அந்த 25. கேட்ட அன்றே பணம் கட்டியிருந்தால் கிட்டத்தட்ட கெடுவுக்குள்ளேயே வந்திருப்பீர்கள். ஜூன் 24க்கும் ஜூலை 15க்கும் நடுவில் என்ன நடந்தது?

வரப்போரம்:
அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். ஜூன் 27லிருந்து ஜூலை 12 வரை. டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு மாதம் படுக்கை ஓய்வு என்று எழுதியிருக்கிறது. அவரைத் தவிர யாருக்கும் கேஸ் விவரம் தெரியாது.

ஜெயித்தும் அலைந்தவன்:
அந்தச் சீட்டை மனுவோடு வைத்தீர்களா?

வரப்போரம்:
இல்லை. யாரும் கேட்கவில்லை. ஜட்ஜாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஜெயித்தும் அலைந்தவன்:
அந்தச் சீட்டு இருந்திருந்தால் நானே மன்னிக்கலாம் என்பேன். ஆனால் ஜட்ஜ் முன்னால் இருந்தது ஒரே ஒரு வரி. எதிர்தரப்பு வக்கீல் ஆட்சேபிக்கும்போது, தாளில் இல்லாததை அவர் எங்கிருந்து எடுப்பார்?

வரப்போரம்:
படிக்காத மனிதர், நோயாளி. அவருக்காக ஒரு வாய்தா தள்ளிப் போட்டு ‘ஆதாரம் கொண்டு வா’ என்று சொன்னால் எந்தச் சட்டம் தடுக்கிறது? இதில் நான் மாறப் போவதில்லை.

நகல்பிரிவு:
தடுக்காது, கேட்கும் ஜட்ஜுகளும் உண்டு. அதை நம்பி மனு எழுதக் கூடாது, அவ்வளவுதான். இப்போது ஆக வேண்டியதைப் பாருங்கள். அடுத்து உயர் நீதிமன்றம். கீழ்க்கோர்ட் உத்தரவைச் சரிபார்க்கக் கேட்கும் சீராய்வு மனுவா, இரண்டாவது மேல்முறையீடா என்பது உத்தரவின் வாசகத்தைப் பொறுத்தது. வக்கீல் பார்த்துச் சொல்லட்டும். இரண்டுக்குமே கெடு 90 நாள். டிஸ்சார்ஜ் சீட்டைத் தேதிவாரியான பிரமாணப் பத்திரத்தோடு அங்கே வைக்க வழியுண்டா என்றும் கேளுங்கள். அப்புறம், அப்பீல் போட்டாலே தீர்ப்பு நின்றுவிடாது. பாதையில் வேலி போட வந்தால் தடையாணை தனியாகக் கேட்க வேண்டும்.

வரப்போரம்:
உத்தரவு வந்து 12 நாள் ஆகிறது. சீட்டு அப்பாவின் பட்டா ஃபைலுக்குள்ளேயே இருந்தது. நாளைக் காலையில் நகல் மனு போடுகிறேன், கட்டணப் பணம் கையோடு கொண்டு போகிறேன்.