கலைச்சொல் விவாதம்: மஸ்கித் தூண்டிலில் ‘லூர்’ – பொய்யிரையா, பார்வையா?

மடல் 1 – ஸ்காபுரோவிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தூண்டில் பிடித்துப் பழகிய, ஆனால் வட அமெரிக்க நன்னீர்ப் பெருமீனான மஸ்கிக்கு இன்னும் போகாத ஒன்ராறியோத் தமிழர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்தக் கோல், எந்த நூல், முதலில் எதை வாங்குவது, எதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது என்பதுதான் பொருள். எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரியிலேயே ‘லூர்’, அதாவது மீனை ஏமாற்றி வரவழைக்கத் தூண்டிலில் கட்டும் போலி இரை, குறுக்கே வந்து நிற்கிறது. அதற்கொரு சொல் வேண்டும்.

மீனின் பெயரைத் தொடவேண்டாம். அதன் முழுப்பெயரான மஸ்கலஞ்ச் என்பதே கனடாப் பழங்குடியினரான ஒஜிப்வே மக்களின் சொல், பிரெஞ்சுக்காரர் வாயில் புகுந்து வந்தது. ‘நன்னீர்ச் சீலா’ என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். நீண்ட உடலும் வாய் நிறையப் பல்லும் சீலாவை நினைவூட்டுவது உண்மைதான். ஆனால் இது ‘பைக்’ (pike) என்னும் நன்னீர் மீன் குடும்பம். சீலாவோடு உறவே கிடையாது. மஸ்கி என்றே இருக்கட்டும்.

லூருக்கு வந்த பரிந்துரைகளில் ‘செயற்கை இரை’ பிழையில்லை, ஆனால் அரசாணை வாடை அடிக்கிறது. ‘கவர்பொருள்’ நகைக்கடை விளம்பரத்துக்குப் பொருந்தும். ‘மாயமீன்’ அழகான சொல். ஆனால் மஸ்கிக்கு எறிவதில் பல மீன் உருவிலேயே இருப்பதில்லை. ஒரு கம்பி, அதில் சுழலும் இரண்டு தகடுகள், மும்முள் கொக்கியைச் சுற்றிக் கட்டிய மினுக்கு இழைக் கற்றை, அவ்வளவுதான். அதை மீன் என்று சொன்னால் படிப்பவர் சிரிப்பார்.

நான் முன்மொழிவது ‘பொய்யிரை’. பொய்க்கால் குதிரை, பொய்ப்பல், பொய்முடி என்று செய்துவைத்ததைப் பொய் என்பது நம் பழைய வழக்கம். இழிவும் தொனிக்காது.

வகைகளுக்கு உருவத்தை விட்டுவிட்டு, நீரில் அது என்ன செய்கிறது என்பதை வைத்துப் பெயரிட விரும்புகிறேன். இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கடை அலமாரியில் முதலில் கண்ணில் படுவது நிறம். புதியவர் பச்சையில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று, கறுப்பில் ஒன்று என்று பை நிறைய வாங்கிவிடுவார். ஏரிக்குப் போன பிறகுதான் எல்லாம் ஒரே ஆழத்தில் ஒரே மாதிரி ஓடுகின்றன என்று தெரியும். பெயரிலேயே அசைவு இருந்தால் அந்தப் பணம் மிஞ்சும்.

சுழலி: ஆங்கிலத்தில் இதற்கு மான்வால் என்று பெயர், ஒரு காலத்தில் மான்வால் முடியைக் கட்டியதால். இன்று விற்பவற்றில் பெரும்பாலும் மினுக்கு இழைதான். பெயர் மட்டும் மானோடு நிற்கிறது. அதைத் தமிழிலும் சுமக்க வேண்டியதில்லை. எறிந்து, நிறுத்தாமல் சுற்றி இழுத்தால் போதும், மற்றதைத் தகடு பார்த்துக்கொள்ளும். எனவே தொடக்கக்காரர் முதலில் வாங்கவேண்டியது இதுதான். ஆனால் பத்தாம் எண் தகடு இரண்டு பூட்டியதை வாங்கவேண்டாம் (எண் கூடினால் தகடும் பெரிது). நீரில் அது இழுக்கும் இழுப்பில் மதியத்துக்குள் மணிக்கட்டு விட்டுப்போகும். எட்டாம் எண் போதும்.

சுண்டி: கோலைச் சுண்டிச் சுண்டி இழுக்கவேண்டிய வகை. விஸ்கான்சின் மாநிலத்து ஆன்டிகோவைச் சேர்ந்த ஃபிராங்க் சூயிக் செய்த மரக்கட்டை இரை இதில் புகழ்பெற்றது. இன்றும் அவர் பெயரிலேயே விற்கிறது. அதன் பின்புறம் ஓர் உலோக வால்தகடு இருக்கிறது. அதை விரலால் சற்றுக் கீழே வளைத்தால் ஆழமாகப் பாயும், நிமிர்த்தினால் மேலோட்டமாக ஓடும். சுண்டலை நிறுத்தினால் மெல்ல மேலெழும். இழுப்பின் தாளம் கைவர நாளாகும் என்பதால் முதல் பருவத்தில் இது வேண்டாம் என்பேன்.

முக்குளி: வாயருகே தட்டையான அலகு உள்ளது. அலகு நீளமாக இருந்தால் ஆழமாக முக்குளிக்கும். மேலாடி: நீர்ப்பரப்பில் சலசலத்து ஓடுவது.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

---

மடல் 2 – மதுரையிலிருந்து

அன்பருக்கு,

பொய்யிரை நன்று. ஆனால் எதற்கெடுத்தாலும் இகர விகுதி போட்டுச் சொல் செய்யும் பழக்கம் எனக்கு ஒவ்வாது. கணினி, செயலி, உலாவி என்று தொடங்கியது இப்போது ஏரிக்குள்ளும் இறங்கிவிட்டது. ‘சுண்டி’ என்றால் ஊர்ப்பக்கம் யாரும் தூண்டிலை நினைக்கமாட்டார்கள்.

இரண்டு பழஞ்சொற்கள் பற்றி. ‘தூண்டிற்பொன்’ என்று குழுவில் ஒருவர் தனிமடலில் கேட்டார். குறளின் சூது அதிகாரத்தில் வரும் அந்தப் பொன், இரைக்குள் மறைந்த இரும்பு முள். பரிமேலழகர் உரையும் அதுவே. நீங்கள் சொல்லும் தகடோ மறைவதில்லை, வெளிப்படையாக மின்னி மீனை அழைக்கிறது. ஆகவே அது பொருந்தாது.

மாறாக, ‘பார்வை’ என்ற சொல்லை எண்ணிப்பாருங்கள். வேட்டுவர் காட்டு மானை வரவழைக்கக் கட்டிவைத்த பழகிய மானுக்குப் பார்வை என்று பெயர். புறநானூற்றில் ‘பார்வை மடப்பிணை’ வருகிறது. வரவழைத்துப் பிடிப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கும்போது புதிதாக ஏன்?

---

மடல் 3 – பீட்டர்பரோவிலிருந்து

ஐயா, அண்ணா, இருவருக்கும் வணக்கம்.

நான் சொல்லாய்வாளன் அல்லன். கவர்த்தா ஏரிகளில் மஸ்கிக்குப் போகிறவன். இலக்கியம் எனக்கு எட்டாது. ஆனால் கையேட்டைப் படித்துவிட்டுப் படகில் ஏறப்போகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் ‘பார்வையை எறி’ என்றால் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார்கள். அதோடு, கட்டிவைத்த மான் வேட்டைக்காரனுக்குத் துணை நிற்கிறது, பிடிப்பது வேறொன்று. இங்கே வரவழைப்பதும் கொக்கி போடுவதும் ஒரே பொருள். பொய்யிரையே எனக்குச் சரியாகப் படுகிறது.

இரைக்கு மேலே உள்ள சாமான்களுக்கும் சொல் வேண்டும். ‘லீடர்’ என்பதை இணைய மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன், ‘தலைவர்’ என்று வந்தது. தலைவரைக் கட்டாமல் மஸ்கிக்குப் போகாதே என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்! இது நூலின் முனையில், இரைக்குச் சற்று முன்னால் கட்டுவது. மஸ்கியின் பல் நூலை அறுக்காமலிருக்க. ‘பற்காப்பு’ என்றால் இங்கே எல்லோரும் பல் வைத்தியக் காப்புறுதியை நினைப்பார்கள். ‘முனைச்சரடு’ எப்படி? 100 இறாத்தலுக்கு (பவுண்டுக்கு) மேற்பட்ட இழுப்பைத் தாங்கும் ஃபுளோரோகார்பன் இழை ஓரடி நீளம் இருந்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும். சுண்டி வகைக்கு மட்டும் விறைப்பான ஒற்றை எஃகுக் கம்பி நல்லது. சுண்டும்போது கொக்கி திரும்பி வந்து மாட்டிக்கொள்ளாது.

நூல்: தங்கூசி (ஒற்றையிழை நைலான்) வேண்டாம், பின்னல் நூல் 80 இறாத்தல். ‘அவ்வளவு பெரிய மீனா?’ என்று கேட்பார்கள். 30 இறாத்தல் மீன் வந்தாலே ஊரெல்லாம் படம் அனுப்புவோம். நூலின் தடிப்பு மீனுக்காக அன்று. மூன்று அவுன்ஸ் இரையை வீசும்போது உருளையில் சிக்கு விழுந்தால், மெல்லிய நூல் படாரென்று அறுந்து இரை தனியே பறந்துவிடும். மெல்லிய பின்னல் நூல் இழுப்பில் தன் சுற்றுக்குள்ளேயே புதைந்தும் கொள்ளும்.

கோல் எட்டரை அடியோ ஒன்பது அடியோ இருக்கட்டும். தூரம் எறியத்தான் நீளம் என்று நினைக்கிறார்கள். அதைவிட முக்கியம் படகோரத்தில் செய்யும் வேலை. இரையின் பின்னால் வந்த மஸ்கி கடிக்காமல் படகுக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது கோல் நுனியை நீருக்குள் இறக்கி, நுனிக்கும் இரைக்கும் நடுவே முனைச்சரட்டின் நீளம் மட்டும் விட்டு, அகலமான எட்டு ஒன்றை வரையவேண்டும். வளைவு குறுகினால் நீண்ட மீனால் உடம்பைத் திருப்ப முடியாது, போய்விடும். வளைவில் வேகத்தைக் குறைக்கவும் கூடாது, சற்றுக் கூட்டவேண்டும். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும், மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், இதைச் செய்யவேண்டும். இதற்கு நீங்கள் புதுச்சொல் தேடவேண்டாம். தமிழ்நாட்டில் வண்டி உரிமத்துக்குப் போன எவருக்கும் ‘எட்டுப் போடுதல்’ தெரியும்.

இன்னொன்று. இரைப் பட்டியலுக்கு முன்பே விடுவிக்கும் சாமான்களை எழுதுங்கள். ரப்பர் பூசிய பெரிய வலை, நீண்ட மூக்குள்ள குறடு, கொக்கியையே வெட்டக்கூடிய வலிய வெட்டுக்குறடு. கொக்கி ஆழமாகப் போயிருந்தால் மீனோடு மல்லுக்கட்டாமல் முள்ளை வெட்டிவிடுவதே நல்லது. மீனைத் தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் படம் எடுப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். வயிற்றுக்கும் ஒரு கை கொடுக்கவேண்டும். நீர் 27 பாகை செல்சியசை எட்டிவிட்டால் மஸ்கிக்குப் போகவே வேண்டாம். விடுவித்த மீன் நீந்திப் போவது போலத் தெரியும், பிறகு செத்துப்போகக்கூடும்.

---

மடல் 4 – ஸ்காபுரோவிலிருந்து

ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி.

இகரம் பற்றிய ஐயாவின் குறை நியாயம். ஆனால் இவை தனித்து வரப்போவதில்லை. முதல் முறை ‘சுண்டிப் பொய்யிரை’ என்று எழுதி, அடுத்துச் சுண்டி என்று சுருக்குவேன். சுண்டி இழுப்பது என்றால் மனத்தைக் கவர்வதும் அல்லவா? அந்த இரட்டைப் பொருளை விட எனக்கு மனமில்லை. ‘பார்வை’ பற்றிய குறிப்பைக் கையேட்டின் முன்னுரையில் சேர்க்கிறேன், அங்கே அது ஒளிரும்.

‘முனைச்சரடு’, ‘எட்டுப் போடுதல்’ இரண்டும் அப்படியே சேர்ந்துவிட்டன. இறாத்தலா பவுண்டா என்பதில் பவுண்டு. இந்தியாவிலிருந்து வந்தவர்களும் படிப்பார்கள். ரப்பர் இரைகளுக்கு வேறு பெயர் தேடவில்லை, ரப்பர் என்றாலே எல்லோருக்கும் விளங்கும்.

முதல் பருவப் பெட்டி இப்படி நிற்கிறது: எட்டாம் எண் தகடுள்ள சுழலி இரண்டு, ஒன்று கறுப்பு, ஒன்று வெளிர்நிறம், ஆறேழு அடிக்குள் ஓடும் முக்குளி ஒன்று, அந்திக்கு ஒரு மேலாடி. தம்பி சொன்னபடி குறடும் வலையும் பட்டியலின் தலையில். உரிமம் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ஒன்ராறியோவில் மலிவான கன்சர்வேஷன் வகை உரிமம் எடுத்தவர் மஸ்கியைப் பிடிக்கலாம், ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள முடியாது.

மிச்சமிருப்பது ஒன்றே. முனைச்சரட்டின் ஒரு நுனியில் நூல் முறுக்கேறாமல் சுழலும் சிறு வளையமும், மறுநுனியில் இரையை மாட்டும் கொக்கிப் பூட்டும் இருக்கின்றன. முதலாவதற்குச் ‘சுழல்வளையம்’ என்று போட்டிருக்கிறேன், ஆனால் சுழலி ஏற்கெனவே இருப்பதால் குழப்பும். கடற்கரை ஊர்களில் இதற்கு வழங்கும் சொல் தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று அச்சுக்குப் போகிறது.